குடும்பத்தோடு கப்பல் பயணம்: டிப்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபுளோரிடாவின் மயாமி, ஃபோர்ட் லாடர்டேல், போர்ட் கனாவெரல் துறைமுகங்களிலிருந்து கரீபியன் தீவுகளுக்கு ஒரு வாரக் கப்பல் பயணம் போகும் தமிழ்க் குடும்பங்களுக்காக எழுதியது இது. பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர், சாதாரண கேபின், ஏழு இரவு. இங்கே வரும் கணக்குகளுக்கெல்லாம் இதுவே அடிப்படை. கட்டணங்கள் 2025-இல் இருந்தபடி தரப்பட்டுள்ளன. இவை ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை ஏறுகின்றன என்பதால், பதிவு செய்யும் அன்று நிறுவனத்தின் தளத்திலும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

டிக்கெட்டுக்கு முழுப் பணமும் கட்டிவிட்டோம். டிப்ஸ் அதில் அடங்காதா?

அமெரிக்காவிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்கள் பெரும்பாலானவற்றில் அடங்காது. 2024 ஜூலையிலிருந்து வரியும் துறைமுகக் கட்டணமும் சேர்ந்த விலையைத்தான் விளம்பரத்தில் காட்டுகிறார்கள். அதைப் பார்த்து எல்லாம் முடிந்தது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். டிப்ஸ் மட்டும் அந்த விலைக்கு வெளியே நிற்கிறது. ஒவ்வொரு நாளும், தலைக்கு இவ்வளவு என்று, உங்கள் கப்பல் கணக்கில் தானாக ஏறும்.

ரசீதில் ‘கிராஜுவிட்டி’ அல்லது ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று இருக்கும். நம் ஊரில் கிராஜுவிட்டி என்றால் வேலையை விட்டு வரும்போது கைக்கு வரும் பணிக்கொடை. இங்கே அது டிப்ஸ். முதல்முறை போகும் பெற்றோர் கடைசி நாள் பில்லில் இந்தச் சொல்லைப் பார்த்துக் குழம்புவது உண்டு. அவர்களோடு போனால் முன்பே சொல்லிவையுங்கள்.

மொத்தமாக எவ்வளவு வரும்?

சாதாரண கேபினுக்கு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு ராயல் கரீபியன் கப்பல் நிறுவனத்தில் 18.50 டாலர், நார்வீஜியனில் 20 டாலர், கார்னிவலிலும் டிஸ்னியிலும் 16 டாலர். நாள் கணக்கு என்றாலும் இரவுகளைத்தான் எண்ணுகிறார்கள். ஏழு இரவுப் பயணத்துக்கு ஏழு நாள் கட்டணம்.

ராயல் கரீபியனில் நான்கு பேருக்கு: 18.50 × 4 = ஒரு நாளைக்கு 74 டாலர். ஏழு நாளுக்கு 518. நார்வீஜியனில் இதே குடும்பத்துக்கு 560, கார்னிவலில் 448. சூட் எனும் பெரிய சொகுசு அறை எடுத்தால் தலைக்குரிய விலையே மாறும். ராயலில் அது 21 டாலர், ஆக வாரத்துக்கு 588.

கட்டணம் தலைக்குத்தான், கேபினுக்கு அல்ல. ஆகவே நான்கு பேரும் ஒரே கேபினில் நெருக்கிப் படுத்தாலும், இரண்டு சாதாரண கேபின் எடுத்தாலும் டிப்ஸ் அதேதான்.

இந்தத் தொகையைப் பயணத்தின் விலையோடு சேர்த்துப் பார்க்காமல் கப்பலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 518 டாலரைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அது பயணத்தின் கடைசி நாளில் ஊழியர் மேல் வருத்தமாகத் திரும்புகிறது. அவர்கள் அதற்குப் பொறுப்பல்ல. ஏழு மாதம் முன்பே பதிவு செய்கிறீர்கள் என்றால் மாதம் 74 டாலர் எடுத்துவைத்தால் கணக்கு நேராகிவிடும். எட்டவில்லை என்றால் நான்கு இரவுப் பயணத்துக்கு இறங்குங்கள். அதில் இதே கட்டணம் 296 டாலர்தான்.

மூன்று வயதுப் பிள்ளைக்கும் பெரியவருக்குரிய டிப்ஸா?

ஆம், பெரும்பாலும் முழுக் கட்டணமே. பிள்ளை மெனுவே தனி, கட்டில் சின்னது என்ற வாதமெல்லாம் செல்லாது. கைக்குழந்தைக்குத்தான் சலுகை. கார்னிவலில் இரண்டு வயதுக்குள், நார்வீஜியனில் மூன்று வயதுக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. உங்கள் இரண்டாவது பிள்ளை ஒன்றரை வயது என்றால் கார்னிவல் கணக்கு 448-இலிருந்து 336-ஆக இறங்கும். கப்பல் ஏறும் நாளின் வயதை வைத்து முன்பே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பிறந்தநாள் பயணத்துக்கு முன்னும் பின்னும் ஒட்டி வருகிறதென்றால் இது நூறு டாலர் விஷயம்.

அந்தப் பணம் யாருக்குப் போகிறது?

கேபினைச் சுத்தம் செய்யும் ஸ்டூவர்ட், சாப்பாட்டு அறையின் வெயிட்டர், துணை வெயிட்டர், தலைமை வெயிட்டர் ஆகியோருக்கு ஒரு பங்கு. பஃபேயில் தட்டு எடுப்பவர், சலவைக் கூடத்தில் விரிப்பு துவைப்பவர், சமையற்கட்டில் பாத்திரம் கழுவுபவர் போன்ற, நாம் பெயர்கூட அறியாதவர்களுக்கு ஒரு பங்கு. பங்கு பிரிக்கும் விதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

முன்பெல்லாம் கடைசி இரவில் கவரில் பணம் போட்டு வெயிட்டரிடமும் ஸ்டூவர்டிடமும் கொடுப்பதே வழக்கம். ஏழு நாளும் ஒரே மேசை, ஒரே வெயிட்டர் என்று இருந்தபோது அது பொருந்தியது. 2000-இல் நார்வீஜியன், எந்த நேரமும் எந்த உணவகத்திலும் சாப்பிடலாம் என்ற முறையைத் தொடங்கியது. தினம் ஒரு வெயிட்டர் என்று ஆனதும் கவர் முறை தடுமாறியது. மெல்லப் பெரும்பாலான நிறுவனங்கள் தானியங்கி முறைக்கு வந்தன. ராயல் கரீபியன் 2013-இல் மாறியது.

பணம் நெருக்கடியாக இருக்கிறது. இந்தக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லலாமா?

பல கப்பல்களில், பயணிகளுக்கு உதவும் கெஸ்ட் சர்வீஸ் மேசையில் கேட்டால் குறைப்பார்கள், எடுத்தும் விடுவார்கள். பயணம் முடியும் முன் கேட்க வேண்டும். ஆனாலும் அப்படிச் செய்யாதீர்கள் என்றே சொல்வோம், காரணத்தோடு.

கப்பல் ஊழியர்கள் ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தத்தில் வருகிறார்கள். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்களே அதிகம். ஒப்பந்தம் முடியும்வரை முழு நாள் விடுப்பு என்பது அநேகமாகக் கிடையாது. சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை ஒரு நாளில் 14 மணி நேரம், ஏழு நாளில் 72 மணி நேரம் என்று வேலைக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. உச்சவரம்பே அது என்றால் சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெயிட்டரும் ஸ்டூவர்டும் வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் பெரும் பங்கு இந்த டிப்ஸ்தான். பெயர் டிப்ஸ், உண்மையில் கூலி.

“எடுத்துவிட்டு, எனக்குப் பிடித்தவர்களுக்குக் கையில் கொடுக்கிறேன்” என்று சிலர் கேட்கிறார்கள். அதில் இரண்டு கோளாறு. சலவைக் கூடத்திலும் சமையற்கட்டிலும் இருப்பவர்களுக்கு ஒன்றும் போகாது. மேலும், தானியங்கிக் கட்டணத்தை எடுத்துவிட்ட பயணி கொடுக்கும் ரொக்கத்தைப் பொதுப் பங்கில் சேர்த்தாக வேண்டும் என்று சில நிறுவனங்களில் விதி இருக்கிறது. ஒருவருக்கு என்று நினைத்துக் கொடுத்தது அவர் கையில் நிற்காது.

சேவையில் உண்மையாகவே குறை இருந்தால்? அறை இரண்டு நாளாகச் சுத்தமாகவில்லை, ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குச் சொன்னபடி சமைக்கவில்லை என்றால் அன்றே கெஸ்ட் சர்வீஸில் சொல்லுங்கள். அவர்களுக்குச் சரிசெய்ய வாய்ப்பு கிடைக்கும், உங்களுக்கு மிச்ச நாட்கள் நன்றாகப் போகும். ஏழாம் நாள் வரிசையில் நின்று கட்டணத்தை வெட்டுவதில் யாருக்கும் எதுவும் சரியாவதில்லை.

அப்படியானால் எதில் மிச்சம் பிடிப்பது?

மிச்சம் பிடிக்க நிறைய இடம் இருக்கிறது. டிப்ஸைத் தவிர.

முதலில் பானங்கள். பஃபேயில் தண்ணீர், தேநீர், சாதாரண காபி, எலுமிச்சைச் சாறு போன்றவை இலவசம். பாரில் வாங்கும் ஒவ்வொரு சோடா டப்பாவுக்கும் விலையோடு 18 முதல் 20 விழுக்காடு டிப்ஸ் சேர்கிறது. பிள்ளைகள் ஒரு நாளில் இரண்டு மூன்று குடித்தால் வாரக் கடைசியில் தெரியும். அடுத்து, தனிக் கட்டணம் வாங்கும் உணவகங்கள். பலவற்றில் இரவுச் சாப்பாடு பெரியவருக்கு 50 டாலரைத் தாண்டும், அதன் மேலும் டிப்ஸ் ஏறும். டிக்கெட்டிலேயே அடங்கிய பிரதான சாப்பாட்டு அறையில் நன்றாகவே சாப்பிடலாம். பால்கனிக்குப் பதில் ஜன்னல் இல்லாத உள் கேபின் எடுத்தாலே பல குடும்பங்களுக்கு முழு டிப்ஸ் தொகையும் கிடைத்துவிடுகிறது. பிள்ளைகளோடு போனால் தூங்கும் நேரம் தவிர யாரும் கேபினில் இருப்பதில்லை. பிள்ளைகளுக்குக் கப்பலில் தரும் அட்டையில் பொருள் வாங்கும் வசதியை ஏறிய அன்றே நிறுத்தச் சொல்லுங்கள். வீடியோ கேம் கூடம் சத்தமில்லாமல் பணம் தின்னும் இடம்.

கிஃப்ட் கார்டு வழியும் உண்டு. சில கப்பல் நிறுவனங்களின் கிஃப்ட் கார்டுகள் அமெரிக்கக் கடைகளிலும் உறுப்பினர் தளங்களிலும் அவ்வப்போது தள்ளுபடி விலையில் கிடைக்கும். டிப்ஸை முன்பதிவோடு சேர்த்து அந்தக் கார்டால் கட்டினால் ஊழியருக்கு முழுத் தொகையும் போகும், உங்களுக்கும் குறையும். கார்டை எங்கே செலுத்த முடியும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. வாங்கும் முன் நிபந்தனையைப் படியுங்கள்.

முன்கூட்டியே கட்டுவதா, கப்பலில் கட்டுவதா?

பட்ஜெட்டில் போகிறவர்கள் முன்பே கட்டிவிடுவது நல்லது. இடையில் விலை ஏறினாலும் பழைய விலையே பொதுவாக நிலைக்கும். கடைசி பில்லும் இலகுவாக இருக்கும். ஆனால் ‘ஆன்போர்டு கிரெடிட்’ எனும் கப்பல் செலவுத் தொகை உங்களுக்குக் கிடைத்திருந்தால், அதுவும் திருப்பித் தராத வகை என்றால், கப்பலிலேயே கட்டுங்கள். தினசரி டிப்ஸ் அதிலிருந்து கழியும். இல்லையென்றால் கடைசி நாள் அந்தப் பணத்தைத் தீர்ப்பதற்காகவே தேவையில்லாத டி-சட்டை வாங்கும்படி ஆகும்.

கப்பலில் கட்டுவதென்றால் டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள். ஏறும் செலவுக்கு ஏற்பக் கணக்கில் பணத்தைப் பிடித்துவைத்துக்கொண்டே போவார்கள். பயணம் முடிந்து சில நாள் கழித்துத்தான் விடுவிப்பார்கள். வங்கியில் பணம் இருக்கும், எடுக்க முடியாது. கிரெடிட் கார்டு போதும். இந்திய கார்டு வைத்திருப்பவர்கள் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள்.

“டிப்ஸ் இலவசம்”, “பானங்கள் இலவசம்” என்ற சலுகைகளை நம்பலாமா?

நம்பலாம், யாருக்கு என்று படித்த பிறகு. டிப்ஸ் இலவசம் என்பது பெரும்பாலும் கேபினின் முதல் இரண்டு பேருக்கு மட்டும். மூன்றாவது, நான்காவது படுக்கையில் இருக்கும் பிள்ளைகளுக்கு நீங்கள்தான் கட்ட வேண்டும். ராயல் விலையில் அது 259 டாலர்.

பானச் சலுகையில் இன்னும் கவனம் தேவை. பானத் தொகுப்பு இலவசம் என்பார்கள். அதன் பட்டியல் விலைக்குரிய டிப்ஸை மட்டும் உங்களிடம் வாங்குவார்கள். பட்டியல் விலை நாளுக்கு 109 டாலர், டிப்ஸ் 20 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு நாளுக்கு 21.80. இரண்டு பெரியவருக்கு ஏழு நாளில் 305 டாலருக்கு மேல். மது அருந்தாத குடும்பத்துக்கு இது தண்டச் செலவு. அந்தச் சலுகையை எடுத்துவிடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

பார் ரசீதில் டிப்ஸுக்கென்று ஒரு கோடு காலியாக இருக்கிறதே?

அது கூடுதல் டிப்ஸுக்கு. 18 முதல் 20 விழுக்காடு ஏற்கெனவே மேலே சேர்ந்திருக்கும். காலியாக விட்டால் மரியாதைக்குறைவு இல்லை. அமெரிக்க உணவகத்துப் பழக்கத்தில் கை தானாக எழுதிவிடும். மேல்வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ரொக்கமாக யாருக்குக் கொடுக்க வேண்டும்?

தானியங்கிக் கட்டணம் கப்பலுக்குள் இருப்பவர்களுக்குத்தான். துறைமுக வாசலில் பெட்டியை வாங்கிக்கொள்ளும் போர்ட்டர் கரையின் தொழிலாளி. அவருக்கு அதில் பங்கில்லை. பெட்டிக்கு 1 முதல் 2 டாலர், வண்டியை நிறுத்தும்போதே கையில் எடுத்துவைத்திருங்கள். பின்னால் வரிசை நிற்கும்போது பர்ஸைத் துழாவினால் 20 டாலர் தாள்தான் வரும். பெட்டிச் சீட்டுகளை வீட்டிலேயே அச்சடித்து ஸ்டேப்ளர் அடித்துப் போனால் அங்கே நிற்கும் நேரமும் குறையும்.

விமான நிலையத்திலிருந்தோ ஹோட்டலிலிருந்தோ கூட்டிவரும் ஷட்டில் ஓட்டுநருக்கும் பெட்டிக் கணக்கில் அப்படியே. கேபினுக்கு உணவு வரவழைத்தால், செயலியில் காட்டும் கட்டணத்தில் டிப்ஸ் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கொண்டுவருபவரிடம் 2 அல்லது 3 டாலர்.

தீவுகளில் பேருந்துச் சுற்றுலா போனால் வழிகாட்டிக்கு ஒருவர் கணக்கில் 2 டாலர், நான்கு பேருக்கு 8, ஓட்டுநர் தனி ஆள் என்றால் அவருக்கும் 2. படகில் பிள்ளைகளைக் கையைப் பிடித்து நீந்தக் கூட்டிப்போனவர்களுக்கு இன்னும் சற்று அதிகம் கொடுங்கள். பஹாமாஸில் அமெரிக்க டாலரும் உள்ளூர் டாலரும் ஒரே மதிப்பு, மாற்றத் தேவையில்லை.

கேபின் ஸ்டூவர்டுக்குக் கூடுதலாகக் கொடுப்பது கட்டாயமா?

கட்டாயமில்லை. தினசரிக் கட்டணம் முழுதாகப் போயிருந்தால் உங்கள் கடமை முடிந்தது. ஆனால் நான்கு பேர் கேபின் என்பது அவருக்கு இரட்டை வேலை. தினமும் இரவு மேல்படுக்கைகளை இறக்கி விரித்து, காலையில் மடித்துத் தூக்கி, கடற்கரை மணலைக் கூட்டி, எட்டுத் துண்டு மாற்ற வேண்டும். முடிந்தால் வாரத்துக்கு 20 டாலர் கொடுங்கள்.

கொடுக்கும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். மேசையிலோ தலையணையிலோ தாளை வைத்துவிட்டுப் போனால் அவர் தொடமாட்டார். அது உங்கள் பணம், மறந்து வைத்தது என்றே எடுத்துக்கொள்வார். கவரில் போட்டு, அவர் பெயரையும் நன்றி என்றும் எழுதி, கையில் கொடுங்கள். கடைசி நாள் காலை வேண்டாம். அன்று அடுத்த பயணிகளுக்காக அவர் ஓடிக்கொண்டிருப்பார், நீங்களும் எட்டு மணி வாக்கில் கேபினைக் காலிசெய்ய வேண்டியிருக்கும். முந்தைய மாலையே சரியான நேரம்.

எங்களுக்காகச் சைவச் சாப்பாடு தனியாகச் செய்து தந்தார்கள். அதற்கு?

பெரிய கப்பல்களின் பிரதான சாப்பாட்டு அறையில் கேட்டால் இந்தியச் சைவ உணவு செய்து தருவார்கள். முதல் இரவே தலைமை வெயிட்டரிடம் சொல்லி, அடுத்தடுத்த நாளுக்கு முந்தைய இரவே சொல்லிவைக்க வேண்டும். முட்டையும் கூடாதென்றால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். அங்கே சைவம் என்றால் முட்டை சேர்ந்தது என்று பொருள் கொள்ளலாம்.

இதற்குத் தனிக் கட்டணமோ கட்டாய டிப்ஸோ இல்லை. வாரம் முழுக்க பருப்பும் சப்பாத்தியும் கேட்காமலே மேசைக்கு வந்ததென்றால், வெயிட்டருக்கும் துணை வெயிட்டருக்கும் ஆளுக்கு 10 டாலர் கவரில் கொடுப்பது நியாயம். கடைசி இரவு பஃபேக்குப் போய்விட்டால் அவர்களைப் பார்க்க முடியாது. அன்றும் அந்த மேசைக்கே போங்கள்.

பிள்ளைகள் கிளப்பில் பார்த்துக்கொள்பவர்களுக்கு?

அவர்களுக்குப் பொதுப் பங்கில் இடம் உண்டா, ரொக்கம் வாங்கலாமா என்பது கப்பலுக்குக் கப்பல் மாறும். கெஸ்ட் சர்வீஸில் ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கும் செல்லுபடியாவது பிள்ளை கையால் வரைந்த ஒரு நன்றி அட்டை.

கேப்டன், அதிகாரிகள், நிகழ்ச்சி இயக்குநர்?

வேண்டாம். அவர்கள் சம்பளக்காரர்கள், கொடுத்தால் சங்கடப்படுவார்கள்.

எவ்வளவு ரொக்கம், எந்தத் தாள்கள்?

மேலே சொன்னபடி போட்டால்: போர்ட்டருக்கு போகவர 16, ஷட்டிலுக்கு 10, இரண்டு சுற்றுலாவுக்கு 20, ஸ்டூவர்டுக்கு 20, வெயிட்டர்கள் இருவருக்கு 20, அறை உணவுக்கு 4. ஆக 90. நூறு டாலர் போதும். ஒரு டாலர் தாள் 40, ஐந்து டாலர் 8, பத்து டாலர் 2 என்று வங்கியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கப்பல் ஏடிஎம் கட்டணம் அதிகம். கெஸ்ட் சர்வீஸிலும் எல்லோரும் சில்லறை கேட்பதால் கடைசி நாட்களில் ஒரு டாலர் தாள் தீர்ந்துவிடும். வெற்றுக் கவர் நான்கைந்து பெட்டியில் இருக்கட்டும்.

நாணயங்களாகக் கொடுக்காதீர்கள். ஊழியர் தம் ஊரில் டாலர் தாளை மாற்றலாம், நாணயத்தை மாற்ற முடியாது.

கூடுதலாகக் கொடுக்க உண்மையிலேயே முடியவில்லை. வேறு எப்படி நன்றி சொல்வது?

பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். மார்பில் இருக்கும் பட்டையில் பெயரும், பெரும்பாலும் நாடும் இருக்கும். பயணம் முடிந்ததும் மின்னஞ்சலில் வரும் கருத்துப் படிவத்தில் அந்தப் பெயரைச் சரியான எழுத்துகளில் எழுதி, அவர் என்ன செய்தார் என்று ஓரிரு வரி சேருங்கள். கெஸ்ட் சர்வீஸிலும் எழுதிக் கொடுக்கலாம். மேலதிகாரிகள் இவற்றைப் பார்க்கிறார்கள்; பதவி உயர்வின்போது கணக்கில் எடுப்பார்கள். “எல்லோரும் நன்றாகக் கவனித்தார்கள்” என்ற வரியால் யாருக்கும் பலனில்லை, ஆகவே பெயர் முக்கியம்.

அறையை ஓரளவு ஒழுங்காக வைப்பதும் உதவி. ஈரத் துண்டுகளை ஒரே இடத்தில் குவித்து, தட்டுகளை ஓரமாக அடுக்கி, பொம்மைகளைத் தரையிலிருந்து எடுத்துவிட்டுப் போனால் ஸ்டூவர்டுக்குச் சில நிமிடம் மிஞ்சும்.

டிப்ஸ் அடங்கிய கப்பல்களே இல்லையா?

இருக்கின்றன. பிரிட்டனின் மரெல்லா கப்பல்களில் டிப்ஸ் கட்டணத்துக்குள் அடங்கும். பி அண்ட் ஓ நிறுவனத்தின் பிரிட்டன் கப்பல்கள் 2019-இல் தனி டிப்ஸை நீக்கிக் கட்டணத்தோடு சேர்த்தன. லண்டன் பக்கம் இருக்கும் குடும்பங்கள் விலையை ஒப்பிடும்போது இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். அங்கே 100 டாலர் கூடுதலாகத் தெரிவது, டிப்ஸையும் சேர்த்துப் பார்த்தால் 400 டாலர் மலிவாக இருக்கலாம்.

கடைசி பில்லில் என்ன பார்க்க வேண்டும்?

கடைசி நாள் வரை காத்திருக்காமல் இரண்டாம் நாளே செயலியில் கணக்கைத் திறந்து பாருங்கள். முன்பே டிப்ஸ் கட்டியிருந்தும் தினசரிக் கட்டணம் ஏறுகிறதா? வழக்கமாக இது நடப்பது, பதிவு செய்தபின் ஒரு பிள்ளையைப் பின்னால் சேர்த்திருந்தால்: முதலில் இருந்த மூவருக்கு மட்டும் முன்பணம் பதிவாகி, நான்காமவருக்கு விட்டுப்போயிருக்கும். பணம் கட்டிய உறுதிச்சீட்டின் அச்சுப் பிரதியைக் கையில் வைத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் முடியும். கப்பல் இணையத்தில் பழைய மின்னஞ்சலைத் தேடுவது எளிதல்ல.

பானத் தொகுப்பு வேண்டாமென்று நீக்கியிருந்தால் அதன் டிப்ஸ் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆன்போர்டு கிரெடிட் கழிந்திருக்கிறதா, கைக்குழந்தைக்குக் கட்டணம் விழுந்திருக்கிறதா என்பனவும் அப்படியே. தவறு இருந்தால் கடைசி இரவுக்கு முன் போங்கள். அன்றிரவு கெஸ்ட் சர்வீஸ் வரிசை நீளும். மறுநாள் காலை இறங்கிவிட்டால் தொலைபேசியில் வாரக்கணக்கில் பேச வேண்டிவரும்.